கொட்டாரத்துக்குப் போகும்முன்: கடியப்பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பயணத் திட்டம்

மாநில வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைப் பார்க்கப் போகலாம் என்று கடியப்பட்டணத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் பேசத் தொடங்கினால், முதல் கேள்வியிலேயே பேச்சு முட்டிக்கொள்ளும். எந்த மாநிலம்?

நம்முடைய மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன்பு தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில் இருந்தன. நம் பாட்டன் பூட்டன் வரி கட்டியதும், ஊழியம் செய்ததும், அடிமையாக எழுதப்பட்டதும் திருவனந்தபுரத்துக் கணக்கில். ஆகவே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அமராவதிச் சிற்பங்களைப் பார்க்கலாம், கீழடிக்குப் போனால் வைகைக்கரைப் பானைகளைப் பார்க்கலாம். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கடியப்பட்டணத்தில் ஒரு முக்குவப் பெண்ணும், பக்கத்துக் காலனியில் ஒரு சாம்பவப் பெண்ணும், புலையர் குடும்பத்தில் ஒரு பிள்ளையும் 200 வருடத்துக்கு முன்னால் எப்படி வாழ்ந்தார்கள் என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

அதனால் நான் சொல்லும் யோசனை இது: தூரம் போகவேண்டாம். முதல் பயணம் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு. நம் தாலுகாவிலேயே, கல்குளத்திலேயே, இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பலரும் பள்ளியில் படிக்கும்போது வரிசையில் நின்று, ஆசிரியர் விசிலுக்கு நடந்து, ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்திருப்பீர்கள். அது பார்த்ததாகக் கணக்கில்லை. இப்போது வேறு மாதிரிப் போகவேண்டும், கேள்விகளோடு.

ஆறு காட்டும் வழி

கொட்டாரத்துக்கும் உங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவருக்கு வள்ளியாற்றைக் காட்டுங்கள். வேளிமலையில் பிறக்கும் அந்தச் சின்ன ஆறு, பத்மநாபபுரம் புத்தனாறு என்கிற கால்வாயின் வடிநீரையும் வாங்கிக்கொண்டு, கடியப்பட்டணத்துக்கு அருகே கடலில் சேர்கிறது. கொட்டாரம் இருப்பது அதே வேளிமலை அடிவாரத்தில். மேலே அரசன், நடுவே வயல், கீழே கடல். மலையடியில் எழுதிய உத்தரவு வயலில் நின்ற புலையரையும் சாம்பவரையும் தொட்டு, பனையில் ஏறிய சாணாரைத் தொட்டு, கரையில் வலை இழுத்த முக்குவரையும் தொட்டது.

கொட்டாரத்தின் சுருக்கமான வரலாறு: தாய்க் கொட்டாரம் என்பதுதான் மிகப் பழைய பகுதி. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா கொட்டாரத்தைப் பெரிதாக்கினார். 1750இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, தான் அந்தத் தெய்வத்தின் தாசன் என்று அறிவித்தார். 1795இல் தலைநகர் திருவனந்தபுரம் போனது. 1956க்குப் பிறகு மண் தமிழ்நாடு, கட்டடம் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பு. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே நிற்கும் அந்த ஏற்பாடே நம் வரலாற்றின் நிலையைச் சொல்கிறது. நமது பாடப்புத்தகம் இந்த ஊரைப் பற்றி அதிகம் பேசாது, அவர்களுடைய அறிவிப்புப் பலகை நம்மைப் பற்றி அதிகம் பேசாது.

கையில் கொண்டுபோக வேண்டிய ஆண்டுகள்

அருங்காட்சியகம் என்பது வைத்திருப்பவன் காட்ட நினைத்ததைக் காட்டும் இடம். வாளும் விளக்கும் கட்டிலும் அரசனிடம் இருந்தன, அதனால் மிஞ்சின. அடிமையிடம் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எனவே காட்டாததைப் பார்க்க நாம்தான் தயாரித்துக்கொண்டு போகவேண்டும். போவதற்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்.

முதலாவது, அடிமை முறை. திருவிதாங்கூரில் 1836இல் எடுத்த கணக்குப்படி மொத்த மக்கள் ஏறத்தாழ 12.8 லட்சம். அவர்களில் அடிமைகள் ஏறத்தாழ 1.65 லட்சம். எட்டுப் பேரில் ஒருவர். புலையர், பறையர், குறவர் என்று பெயர் எழுதப்பட்டவர்கள் இவர்கள். நிலத்தோடு சேர்த்தும் நிலமில்லாமலும் விற்கப்பட்டார்கள், ஒற்றிக்கு வைக்கப்பட்டார்கள், பாட்டத்துக்கு விடப்பட்டார்கள். 1812இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வாங்கல் விற்றலைத் தடுத்தார், ஆனால் நிலத்தோடு கட்டுண்டவர்களுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. அதாவது பெரும்பாலோருக்குப் பொருந்தவில்லை. சர்க்காரே தன் நிலங்களில் அடிமைகளை வைத்திருந்தது. லண்டன் மிஷன் ஊழியர்கள் 1847இல் மனுக் கொடுத்தார்கள். 1853இல் வந்த அறிக்கை, சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளை மட்டும் விடுவித்தது. தாய் அடிமை, மடியில் கிடக்கும் பிள்ளை சுதந்திரம். 1855 ஜூன் 24 அறிக்கைதான் முழுமையாகச் சட்டப்படி முடித்துவைத்தது. நிலம் தரவில்லை. இந்தத் தேதியை உங்களில் எத்தனை பேர் பள்ளியில் படித்தீர்கள்?

இதெல்லாம் மலையாளத்து நடப்பு, நாஞ்சில்நாட்டில் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைக் காட்டுங்கள். தோவாளைத் தாலுகாவில் ஒரு குடும்பம் காத்துவைத்த ஓலைக் கட்டுகள் அவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டினார், அ.கா. பெருமாள் பதிப்பித்தார். அவற்றில் அடிமை விற்ற ஆவணங்களும் இருக்கின்றன. மனிதரை எழுதி வாங்கியது நம் தமிழில்தான், நம் வயலுக்குத்தான்.

இரண்டாவது, தோள்சீலைப் போராட்டம். குமரி மாவட்டத்தில் இதைக் கேள்விப்படாதவர் இல்லை. சாணார் பெண்கள் மேலாடை உடுத்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து, 1810களில் தொடங்கி 1859 வரை நடந்தது. 1820களின் கடைசியில் கல்குளம், இரணியல் வட்டாரங்களில் சந்தைக்குப் போன பெண்களைத் தாக்கி ஆடையைக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரியில் அரசு மேலாடைக்குத் தடை போட்டு, குப்பாயத்துக்கு மட்டும் இடம் கொடுத்தது. 1858–59இல் மறுபடியும் கலவரம். 1859 ஜூலை 26 அன்று அரசு இறங்கி வந்து அறிக்கை வெளியிட்டது.

அந்த அறிக்கையில் ஒரு வரியைக் கடியப்பட்டணத்துப் பிள்ளைகள் தங்கள் வரியாக எடுத்துப் படிக்கவேண்டும். சாணார் பெண்கள் கிறித்தவச் சாணார் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், அல்லது முக்குவத்திகள் உடுத்துவதைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்பது அதன் சாரம். கவனியுங்கள். உங்கள் கொள்ளுப்பாட்டி கட்டிய சேலையை, அரசு ஒரு அளவுகோலாக எடுத்திருக்கிறது. 'இதற்கு மேல் போகாதே' என்று இன்னொரு சாதிக்குச் சொல்ல, கடற்கரைப் பெண்ணின் உடையைக் கோடாக இழுத்திருக்கிறது. ஒரு ஒடுக்கப்பட்ட சாதியின் உச்சவரம்பாக இன்னொரு ஒடுக்கப்பட்ட சாதியை வைப்பது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைப்படுத்திய சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். புத்தகத்தில் அதைப் படிக்கும்போது கடினமாக இருக்கும், உங்கள் ஊர்ச் சேலையில் வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் புரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அறிக்கை சாணார் பெண்களைப் பற்றியது. புலையர், சாம்பவர் பெண்களின் பெயர் அந்த வரியில் இல்லை. 1915இல் கொல்லம் பக்கத்துப் பெரிநாட்டில், கழுத்தில் அடையாளமாகப் போட்டிருந்த கல்மாலையைப் புலையப் பெண்கள் அறுத்தெறிந்தபோதும் தாக்குதல் நடந்தது. அந்தப் போராட்டத்தை நடத்தியவர் அய்யங்காளி. 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனவரும் அவரே. புலையப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் வேலையில்லை என்று வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவரே. தோள்சீலையைப் பற்றி மட்டும் பேசி, பெரிநாட்டைப் பேசாமல் விடுவது பாதி வரலாறு.

மூன்றாவது, மயிலாடி மகாராசன். சாம்பவர் குலத்தில் பிறந்து, தஞ்சாவூரில் கிறித்துவம் தழுவி வேதமாணிக்கம் ஆனவர். அவர் அழைத்துத்தான் 1806இல் ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூர் வந்தார், 1809இல் மயிலாடியில் சபைக்குக் கோவில் எழுந்தது. தென்திருவிதாங்கூரின் பள்ளிக்கூடங்களும் அச்சுக்கூடமும் மருத்துவமனையும் வந்த பாதையின் முதல் அடி ஒரு தலித் எடுத்து வைத்தது. வெள்ளைக்கார மிஷனரிகளின் பெயரைச் சொல்பவர்கள் இந்தப் பெயரையும் சொல்லவேண்டும்.

நான்காவது, கோவில். 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச அறிக்கை வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1926இல், சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்குச் சத்தியாக்கிரகம் நடந்தது. கோவிலுக்குள் போக அல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க.

உள்ளே நடக்கும்போது

இப்போது கொட்டாரத்துக்குள் வாருங்கள். வழிகாட்டி அவருடைய வரிசையில் சொல்லட்டும், மரியாதையாகக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் இடத்தில் நம் கேள்வி தொடங்குகிறது.

*வாசல்.* சீட்டு வாங்கியதும் உள்ளே ஓடாதீர்கள். வாசலில் முதுகைக் காட்டி நின்று 96 காலடி எண்ணி வெளியே நடங்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில், ஒரு பார்ப்பனரிடமிருந்து ஈழவர் 36 காலடியும் புலையர் 96 காலடியும் தள்ளி நிற்கவேண்டும் என்று பதிவு செய்திருக்கிறார். 96ஆவது அடியில் திரும்பி நின்று பாருங்கள். வாசலில் நிற்கும் உங்கள் நண்பரின் முகம் எப்படித் தெரிகிறது? அவர் மெதுவாகச் சொல்வது கேட்கிறதா? இந்தத் தூரத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதன் எப்படி வழக்குச் சொல்வான், கூலி கேட்பான், கடைக்குப் போவான்? பலகையில் எழுதாத வரலாற்றைக் கால் கற்றுக்கொடுக்கும்.

*மந்திரசாலை.* பூமுகத்துக்கு மேலே, மரக்கம்பிகளின் வழியாக வெளிச்சமும் காற்றும் வரும் அழகான அறை. அரசனும் அமைச்சர்களும் அமர்ந்து பேசிய இடம் என்று சொல்வார்கள். இங்கே கடற்கரைப் பிள்ளைகள் ஒரு கதையை நினைவில் எடுங்கள். மார்த்தாண்ட வர்மா தன்னை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமாரைக் கொன்று, அவர்களுடைய பெண்களையும் பிள்ளைகளையும் கடற்கரை மீனவர்களிடம் கொடுத்துவிட்டார் என்று திருவிதாங்கூர் வரலாறுகள் சொல்கின்றன. துறையேற்றம் என்று அதற்குப் பெயர். வீரக்கதையாகவோ கொடூரக் கதையாகவோ இதைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒரு கேள்வி: மீனவர் குடிசையில் வாழ்வது ஏன் ஒரு தண்டனை? உங்கள் வீட்டு அடுப்படி, உங்கள் அம்மாவின் மடி, உங்கள் பாட்டியின் மீன்கூடை, இவை யாவும் சாவுக்கு அடுத்த தண்டனை என்று நினைத்த அறிவாளிகள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதே அரசன் 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுப் படையை வென்றபோது கடற்கரை மக்களும் துணைநின்றார்கள் என்று கரையெங்கும் சொல்கிறார்கள். துணை வேண்டும்போது படை, தண்டனை வேண்டும்போது படுகுழி. குளச்சலில் நிற்கும் வெற்றித் தூணைத் திரும்பும் வழியில் பாருங்கள்.

*ஊட்டுப்புரை.* இரண்டு தளமாக நீளும் சாப்பாட்டுக் கூடம். ஒவ்வொரு தளத்திலும் ஆயிரம் பேர் அமர்ந்து சாப்பிடலாம், தினமும் இலவச உணவு என்று சொல்லும்போது எல்லோரும் வியப்பார்கள். கேளுங்கள்: யாருக்கு? பார்ப்பனருக்கு. திருவிதாங்கூர் அரசு பல ஊர்களில் இப்படி ஊட்டுப்புரைகளை வைத்துச் சர்க்கார் பணத்தில் நடத்தியது. அந்த நெல் எந்த வயலில் விளைந்தது, நாற்று நட்டவர் மாலையில் என்ன சாப்பிட்டார், அவருக்கு ஊட்டுப்புரையின் எச்சில் இலையாவது கிடைத்ததா என்று கேளுங்கள். வள்ளியாற்றங்கரை வயல்களை வந்த வழியில் பார்த்தீர்களே, அதுவும் இந்தக் கூடமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

*தரை.* முகம் தெரியும்படி பளபளக்கும் கறுப்புத் தரை. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளை என்று கலவையை விவரிப்பார்கள். கலவையில் கைகளைச் சேர்க்கமாட்டார்கள். கூலியில்லாமல் சர்க்காருக்கு வேலை செய்யும் கடமைக்கு அந்த நாட்டில் ஊழியம் என்று பெயர். கீழ்சாதியார் சுமை தூக்கவும், மரம் இழுக்கவும், ஓலை கொடுக்கவும் அழைக்கப்பட்டார்கள். அய்யா வைகுண்டர் எதிர்த்துப் பேசியதும், மிஷன் சபைகள் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கேட்டதும் இந்தச் சுமையால்தான். தச்சரின் நுட்பத்தைப் பார்த்து வியந்து நில்லுங்கள், தவறே இல்லை. பலாமரத் தூணில் அந்தச் செதுக்கு வேலையைச் செய்தவனும் அரசன் இல்லை.

*நவராத்திரி மண்டபம்.* கல்தூண்கள் நிறைந்த மண்டபம், அருகே சரஸ்வதி கோவில். இங்கிருந்து ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்குச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போகிறார்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலக் காவல்துறையும் அணிவகுத்து மரியாதை செய்கின்றன. கல்வித் தெய்வத்துக்கு அரச மரியாதை, சரி. ஆனால் 1936 வரை அந்தத் தெய்வத்தின் முன்னால் நிற்க முடியாதவர்கள் யார், அந்த நாட்டுப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

*கற்கள்.* கொட்டார வளாகத்து அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளும் சிலைகளும் உண்டு. அங்கே 1696ஐக் கேளுங்கள். பக்கத்து ஊரான திருவிதாங்கோட்டில் கிடைத்த ஒரு கல்வெட்டு, வேணாட்டுக் கேரளவர்மாவின் கட்டளை அது. புலைப்பேடி, மண்ணாப்பேடி என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில், இரவில் தனியே வெளியே வந்த மேல்சாதிப் பெண்ணைப் புலையரோ வண்ணாரோ தொட்டுவிட்டால் அவள் சாதி இழந்துவிடுவாள். அந்த வழக்கத்தைக் கட்டளை நிறுத்தியது. நிறுத்திய விதம் எப்படி? மீறினால் புலையரையும் வண்ணாரையும் கொல்லச் சொன்னது. சீர்திருத்தக் கல் என்று இதைப் பாராட்டி எழுதுபவர்கள் உண்டு. தொட்டால் சாதி போகும் என்ற சட்டத்தை எழுதியவர் யாரோ, அதற்கு உயிரை விடவேண்டியவர் வேறு யாரோ. ஒரே கல்லை இரண்டு பக்கமிருந்தும் படிக்கப் பழகுங்கள்.

நமக்கும் ஒரு கட்டுப்பாடு

அவர்களுடைய கதையைச் சோதிக்கும் நாம், நம்முடைய கதையையும் சோதிக்கவேண்டும். முலைவரிக்கு எதிராகத் தன் மார்பை அறுத்துக் கொடுத்த சேர்த்தலை நங்கேலியின் கதையை இணையத்தில் ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். அது சேர்த்தலை மக்கள் வாய்மொழியாகக் காத்த நினைவு, அந்த வகையில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் மார்பின் அளவைப் பார்த்து வரி போட்டார்கள் என்று மேடையில் சொன்னால் உங்களிடம் ஆவணம் கேட்பார்கள். ஆணின் தலைக்குப் போட்ட வரி தலைக்கரம், பெண்ணுக்குப் போட்ட வரி முலைக்கரம் என்பதுதான் வரலாற்றறிஞர்கள் தரும் விளக்கம். உழைக்கும் சாதிகளின் தலையை எண்ணி வரி பிடுங்கினார்கள், பெண்ணின் உடலுறுப்பின் பெயரால் அவளைக் கணக்கில் எழுதினார்கள் என்பதே போதுமான அநியாயம். மிகைப்படுத்தவேண்டிய தேவை நமக்கு இல்லை. ஒரு இடத்தில் நாம் தடுமாறினால், 1855ஐயும் சேர்த்துப் பொய் என்று சொல்லிவிடுவார்கள்.

இது வெறும் பயமில்லை. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதியைப் படிக்கவேண்டாம் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. அந்த உடை வரலாற்றுப் பாடத்தையே எடுத்துவிட்டது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு மேடையில் இரண்டு மாநில முதல்வர்களும் நின்று பேசினார்கள். மேடை கலைந்துவிடும், பாடமும் பலகையும்தான் நிற்கும். பாடத்தில் எடுத்ததைப் பலகையில் கேட்கவேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள்

இப்படிக் கேட்பது வீம்பு என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் விட்னி என்று ஒரு பழைய கரும்புத் தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோட்ட மாளிகைகளில் எஜமானரின் சாப்பாட்டு மேசையையும் தூண்களையும் காட்டுவதுதான் வெகுகாலம் வழக்கம். 2014இல் விட்னி திறக்கப்பட்டபோது அது வழக்கத்தைத் திருப்பியது. அடிமைகளின் குடிசையிலிருந்து கதை சொல்கிறார்கள். அங்கே உழைத்த அடிமைகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில், அடிமை வாணிபத்தால் கொழுத்த துறைமுகமான லிவர்பூலில், 2007 ஆகஸ்ட் 23 அன்று பன்னாட்டு அடிமைமுறை அருங்காட்சியகம் திறந்தார்கள். தாங்கள் செய்த பாவத்தைத் தங்கள் துறைமுகத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். மாளிகை இடியவில்லை, சுற்றுலாவும் குறையவில்லை. 1.65 லட்சம் பேரை அடிமையாக எழுதிய நாட்டின் கொட்டாரத்தில் ஒரு சுவர் கேட்பது அதிகமா?

திரும்பி வந்த பிறகு

பயணம் கொட்டாரத்தில் முடியக்கூடாது. மூன்று வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, திருவனந்தபுரம். கோட்டைப் பகுதியில் கேரள ஆவணக் காப்பகத் துறை ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்திருக்கிறது. காப்பகத்திலிருக்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஓலைகளிலிருந்து தேர்ந்தெடுத்த சுவடிக் கட்டுகள் அங்கே காட்சியில் இருக்கின்றன. நிலக்கணக்கும் வரிக்கணக்கும் அரசாணையும் நிறைந்த ஓலைகள். நம் தாலுகாவின் பழைய கணக்கும் அந்தக் கடலில்தான் கிடக்கிறது. வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் படிக்கத் தெரிந்த தலித் பிள்ளைகள், மீனவப் பிள்ளைகள் எத்தனை பேர்? வரலாறு படிக்கும் மாணவர்களில் ஒரே ஒருவர் இந்த எழுத்துகளைக் கற்றுக்கொள்ள முடிவெடுத்தாலும் இந்தப் பயணத்துக்குக் கூலி கிடைத்துவிட்டது. இதற்குமுன் கே. சாரதாமணி புலையர் வரலாற்றை 1980இல் எழுதினார். சனல் மோகனும் வினில் பாலும் மிஷன் ஆவணங்களையும் காப்பகங்களையும் துருவி அடிமைக் கேரளத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குமரி மாவட்டத்துக்கு அப்படி ஒரு புத்தகத்தை உங்களில் ஒருவர் எழுதவேண்டும்.

இரண்டு, கோரிக்கை. கேரளத் தொல்லியல் துறைக்கும் தமிழ்நாடு அரசுக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். நீளம் வேண்டாம். கொட்டாரத்தில் அடிமைமுறை, ஊழியம், 1855 அறிக்கை, 1859 அறிக்கை, 1936 அறிக்கை ஆகியவற்றுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கப் பலகை வையுங்கள். ஊட்டுப்புரையில் யார் சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். திருவிதாங்கோட்டுக் கல்வெட்டின் முழு வாசகத்தை எல்லோரும் படிக்கும்படி வையுங்கள். பதில் வராவிட்டால், மனுமேல் என்ன நடவடிக்கை என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேட்டுக் கேட்டுத்தான் தெருவும் பள்ளியும் கோவிலும் திறந்தன.

மூன்று, உங்கள் ஊரே ஒரு அருங்காட்சியகம். கட்டுமரம் கட்டத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் இருக்கிறது. கரமடி இழுக்கும்போது பாடிய அம்பாப்பாட்டைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய மடி, தண்டு, மீன் சுமந்த கடவம் எல்லாம் விறகாகப் போகும்முன் எடுத்து வையுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துக் காலனிக்குப் போங்கள். அறுவடைக்களத்தில் கொத்து வாங்கிய பாட்டியிடம், பறையடித்த தாத்தாவிடம், முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போன பெரியம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

இந்த மூன்றாவது வேலைதான் கடினமானது, அதற்கு ஒரு காரணம் உண்டு. கடற்கரையும் காலனியும் ஒன்றையொன்று பார்க்காமல் வாழ்கின்றன. அரசுப் பட்டியலில் மீனவர் வேறு, தலித் வேறு. திருவிதாங்கூர்க் கணக்கில் எல்லோரும் அவர்ணர்தான், ஆனால் ஒருவரை மற்றவருக்கு மேல் ஒரு படி வைத்தார்கள். அந்தப் படியில் நின்றபடியே நாம் இன்னும் ஒருவரையொருவர் அளக்கிறோம். முக்குவத்தியின் சேலையை வைத்து இன்னொருத்தியின் மார்பை அளந்த 1859ஆம் வருடத்துக் கோல் அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பெண் கொடுப்பதில், ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிப்பதில், கல்லறைத் தோட்டத்தில் அதைப் பாருங்கள். ஆகவே இந்தப் பயணத்துக்குக் கடற்கரைப் பிள்ளைகள் மட்டும் போனால் பாதிப் பயணம். காலனிப் பிள்ளைகள் மட்டும் போனாலும் பாதிப் பயணம். ஒரே வண்டியில் போங்கள், ஒரே பொதியைப் பிரித்துச் சாப்பிடுங்கள். ஊட்டுப்புரையைப் பார்த்துவிட்டு வந்து அப்படிச் சாப்பிடும் ஒரு நேரச் சோறு, நான் இங்கே எழுதியதையெல்லாம் விடப் பெரிய பாடம்.

கைக்குறிப்பு

- திங்கட்கிழமை கொட்டாரம் அடைப்பு. மதியமும் இடைவேளை விட்டு அடைப்பார்கள். காலையில் திறந்ததுமே உள்ளே போனால் கூட்டமில்லாமல் கேள்வி கேட்கலாம்.
- தக்கலை வரை பேருந்து, அங்கிருந்து சிறிது தூரம்தான். நடந்தே போங்கள், கோட்டைச் சுவரை வெளியிலிருந்து பார்த்தபடி.
- பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருத்தால் கேள்வி செத்துப்போகும்.
- ஒவ்வொருவரும் ஒரு அறையைப் பொறுப்பெடுங்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது, வழிகாட்டி என்ன சொன்னார், எது விடுபட்டது என்று மூன்று பத்தியாக நோட்டில் எழுதுங்கள்.
- வழிகாட்டியோடு சண்டை போடாதீர்கள். அவரும் கூலிக்கு உழைப்பவர். பலகையை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.
- திரும்பி வந்த மறுவாரமே உட்கார்ந்து நோட்டுகளைப் படியுங்கள். மனுவை அன்றைக்கே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த நாள் தபாலில் சேருங்கள்.

வருகிற ஜூன் 24க்குள் இதை முடிக்கப் பாருங்கள், மக்களே. அடிமைமுறை சட்டப்படி முடிந்த நாளை இந்த மாவட்டத்தில் யாரும் கொண்டாடுவதில்லை. நீங்கள் தொடங்குங்கள்.

ஜெய் பீம்.